வைக்காத புள்ளி

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. விசாரணை அறை என்றால் முதுகை ஒடிக்கிற ஸ்டூல் ஒன்றைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். காலம் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தவன் நான். நாற்காலி விஷயத்தில் கொஞ்சம் விவரம் தெரியும். தண்ணீர் வேண்டாம். நீங்கள் எழுதுவதற்குத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன். கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் தாளில் என் பெயருக்கு நேரே 'லேப் ஊழியர்' என்று போட்டிருக்கிறீர்கள். தவறில்லை, ஆனால் உப்புச் சப்பில்லாத வார்த்தை. பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயமேற்றி எனக்கு அனுப்புவார்கள். ஸ்லைடு என்போம். ஒரு ஸ்லைடில் பல்லாயிரம் செல்கள் இருக்கும். அதில் புற்றுநோய்ப் பக்கம் திரும்பிவிட்ட செல் பத்தோ பன்னிரண்டோ ஒளிந்திருக்கும். பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. தரை துடைப்பவர் ஒரு மூலையில் ஆரம்பித்துப் பட்டை பட்டையாகத் துடைத்துக்கொண்டே போவார் அல்லவா, அப்படி மைக்ராஸ்கோப்பின் அடியில் ஸ்லைடை வரிசை வரிசையாக நகர்த்திப் பார்க்க வேண்டும். சந்தேகப்படும்படி ஒரு செல் பட்டால் அதன் பக்கத்தில், கண்ணாடியின் மேல், பேனாவால் ஒரு புள்ளி வைப்போம். புள்ளி வைத்த ஸ்லைடு பெரிய டாக்டரிடம் போகும். புள்ளி இல்லாத ஸ்லைடின் படிவத்தில் நாங்களே 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அது நேரே அலமாரிக்குப் போகும். பத்தில் ஒன்றை மட்டும் குலுக்கி எடுத்து இன்னொருவர் மறுபடி பார்ப்பார். மற்றதை யாரும் தொடமாட்டார்கள்.

லேபில் இடம் போதாததால் மூத்தவர்களுக்கு வீட்டிலேயே மைக்ராஸ்கோப் கொடுத்திருந்தார்கள். காலையில் டிரைவர் ஒரு பெட்டி ஸ்லைடைக் கொடுத்துவிட்டு, முந்தின நாள் பெட்டியை வாங்கிக்கொண்டு போவார். முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் என் மேஜை.

இந்த வேலைக்குக் கண்தான் முக்கியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கண் இரண்டாவதுதான். மனசு ஓரிடத்தில் உட்கார வேண்டும். அது உட்காராது. அரை மணி நேரத்தில் பல்வலிக்கோ, எதிர்வீட்டுச் சண்டைக்கோ கிளம்பிப் போய்விடும். கண் பார்த்துக்கொண்டேயிருக்கும், ஆள் அங்கே இருக்கமாட்டான். ஆரம்ப காலத்தில் ஒரே ஸ்லைடை மூன்று தடவை பார்த்துவிட்டு, பார்த்தேனா இல்லையா என்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

அதைச் சரிசெய்தவள் என் மனைவி. கல்யாணமான புதிதில் பிறந்த வீட்டிலிருந்து அவளுடைய பியானோவைக் கொண்டுவந்து உள்ளறையில் போட்டாள். ஒரு நாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பரோக் காலத்து இசை எதையோ வாசித்தாள். முந்நூறு வருடத்துப் பழசு. பியானோ பிறப்பதற்கு முன்னால் ஹார்ப்சிகார்ட் என்ற கருவிக்காக எழுதியது என்று அவள்தான் பிறகு சொன்னாள். அன்று பெட்டியை முடித்து நிமிர்ந்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. எனக்கு இருபது நிமிடம் போலத்தான் இருந்தது.

ஏன் என்று யோசித்திருக்கிறேன். பாட்டில் வார்த்தை இருந்தால் மனசு வார்த்தையின் பின்னால் போய்விடும். இதில் வார்த்தை இல்லை. சோகமாக இழுத்து அழவைக்கவும் இல்லை, தடதடவென்று ஏறிப்போய் மூச்சு வாங்கவைக்கவும் இல்லை. இடது கை வலது கைக்கு எடுபிடி வேலை பார்ப்பதில்லை. வலது கை ஒன்றைச் சொல்லும். சற்றுப் பின்னால் இடது கை அதையே தன் குரலில் சொல்லும். இரண்டும் தத்தம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கும். காதுக்கு ஓயாமல் ஒரு வேலை. மனசு அதைக் கவனிக்க உட்கார்ந்துவிடும், கண் விடுதலையாகிவிடும். ஒரு சொற்றொடருக்கு ஒரு வரிசை என்று ஸ்லைடும் அந்த நடையிலேயே நகரும். கெட்ட செல் வந்தால் கண்ணுக்கு முன்னால் உடம்புக்குத் தெரியும், கூட்டத்தில் ஒருவர் மட்டும் சுருதி விலகிப் பாடினால் சட்டென்று தெரிவதுபோல. அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் என்னைவிட நல்லவனாக இருந்தேன்.

அதனால் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அவள் வாசிப்பாள், நான் பார்ப்பேன். நடுக்கதவு மூடியிருக்கும். அவள் சில பிள்ளைகளுக்கு பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் தட்டுத் தடுமாறியது என் தலைக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்ததால் அதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டாள். பிற்காலத்து இசை ஏதாவது பழகட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளுடைய அம்மா இறந்தபோது எட்டாம் நாளே வாசிக்க உட்கார்ந்தாள். காய்ச்சல் வந்தால் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொடுப்பேன். நான் கவனிக்காதவன் என்று அவளுடைய அக்கா சொல்லியிருப்பாள். அந்தத் தலையணையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். நாலாம் வருடத்தில் ஒரு நாள், பால் பொங்குகிறது என்று பாதி வாசிப்பில் எழுந்துபோய்விட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துச் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன்.

"அன்னைக்கு நீ எழுந்து போனியே, அந்த ரெண்டு நிமிஷத்துல நான் பாத்த ஸ்லைடு. தப்பிடுச்சு. முப்பத்தி ரெண்டு வயசு. ரெண்டு குழந்தைங்க இருக்காம்."

தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு இப்ப எப்படிங்க இருக்கு?"

"இல்ல," என்றேன்.

அப்படி ஒரு ஸ்லைடு தப்பியது உண்மைதான். ஆனால் அது வேறொருவர் பார்த்தது, வேறொரு மாதம். எனக்கு நடந்திருக்கக்கூடியது என்பதால் பொய் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு பாலே பொங்கவில்லை.

இப்படிப் பத்து வருடத்துக்கு மேல் போனது. இருநூற்றுப் பதினாலு பெண்களை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றினோம். நாங்கள் என்றுதான் எப்போதும் சொல்வேன். அவளுடைய விரலும் என்னுடைய கண்ணும் ஒரே ஆளுடையது என்று நம்பினேன். அதனால்தான் அடுத்து நடந்தது அப்படி வலித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை. உள்ளறையில் வாசிப்பு போய்க்கொண்டிருந்தது. நடுவே தெருவில் ஒரு பைக் இருமிக்கொண்டு கிளம்பிப் போனது. தற்செயலாக நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். தெரு காலியாக இருந்தது. எதிர்வீட்டு நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. சரி, பின்தெருவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை அதே பாட்டில், அதே திருப்பத்தில், இடது கையின் மோதிர விரல் வழக்கம்போல அரைக்கணம் பிந்தி விழுந்த அதே இடத்தில், அதே பைக் இருமியது. தெருவில் பைக் இல்லை. வியாழக்கிழமையும் இல்லாத பைக் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

எழுந்து போய் நடுக்கதவைத் திறந்தேன். அத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் நான் அதைத் திறந்தது அதுதான் முதல் தடவை. பியானோ மூடியிருந்தது. மூடியின் மேல் ஒரு ஒலிபெருக்கி, உள்ளங்கை அகலம்தான். அது வாசித்துக்கொண்டிருந்தது. பின்கதவு வெளியே தாழிட்டிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து மிச்ச ஸ்லைடைப் பார்த்து முடித்தேன். பதினொன்றரைக்குக் காபி கொண்டுவந்தாள். லேசாக மூச்சு வாங்கியது. மேஜையோரம் நின்று விரல்களை நீவிக்கொண்டாள்.

"கை விட்டுப்போகுதுங்க இன்னைக்கு," என்றாள். "வாசிப்பு சரியா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றேன்.

யோசித்துப் பாருங்கள். என் காதில் பூச்சுற்றியதோடு விடாமல், நின்று நிதானமாக விரலை வேறு நீவிக் காட்டினாள். எனக்கு அவமானமாக இருந்தது. அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

மறுநாள் ஒன்பதே காலுக்கு அவள் பின்னாலேயே போனேன். ஒரு ஆள் இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பேன். அது ஊர் உலகத்தில் நடப்பதுதான். அவள் போனது மூன்று தெரு தள்ளி இருக்கிற அவளுடைய அக்காவின் தையல் கடைக்கு. எதிரே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரேடியோவில் ஏதோ சினிமாப் பாட்டு டமடமவென்று அலறிக்கொண்டிருந்தது. அக்கா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி ஒரு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, ஆவி பறக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு, மகாராணி மாதிரி கைக்கு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டைக் கூடவே பாடினாள். வாயைத் திறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவள் சிரிக்கமாட்டாள் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. பெரிய டாக்டரும் அதையேதான் கேட்டார். ஐந்து மாதமாக ஒலிபெருக்கிதான் வாசித்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அந்த ஐந்து மாதத்திலும் என் கணக்கு பிசகவில்லை. கண்டுபிடிக்க வேண்டியதையெல்லாம் கண்டுபிடித்திருக்கிறேன். ஆக, இசைதான் வேண்டியிருந்தது, அவள் தேவைப்படவில்லை, பிறகென்ன குறை என்று கேட்கலாம். அந்தக் குறையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷி எனக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்பித்தான் நான் அத்தனை நிம்மதியாக இருந்தேன். யாருமே இல்லாத அறையைப் பார்த்து ஐந்து மாதம் நன்றியோடு இருந்திருக்கிறேன். உங்களுக்கு யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா?

நான் சண்டை போடவில்லை. குரலை உயர்த்துகிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் போவாள், ஒலிபெருக்கி வாசிக்கும், நான் வேலை பார்ப்பேன், அவள் காபி கொண்டுவருவாள், நான் வாசிப்பைப் பாராட்டுவேன்.

மூன்றாவது வாரம் பெட்டியில் அந்த ஸ்லைடு வந்தது. படிவத்தில் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் இருந்தது, கல்யாணத்துக்கு முந்தின இனிஷியலோடு. லேபில் யாருக்கும் அது என் மனைவி என்று தெரிய வாய்ப்பில்லை. வயது அவளுடைய வயது. முடிவைத் தெரிவிக்க வேண்டிய எண் அக்காவின் எண். தையல் கடைப் பலகையில் பார்த்து எனக்கு மனப்பாடம். கீழே நர்ஸ் கையெழுத்தில் 'வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டாம்' என்று ஒரு குறிப்பு. சொந்தக்காரர்களின் ஸ்லைடு வந்தால் பார்க்காமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. உடம்புக்கு முடியவில்லை என்பதைக்கூட என்னிடம் சொல்லாமல், பெயரை மாற்றிக்கொண்டு போயிருக்கிறாள். அப்புறம் நான் எந்த விதத்தில் சொந்தம் என்று நினைத்தேன். திருப்பி அனுப்பவில்லை.

அவசரப்படாமல் பார்த்தேன். உள்ளே ஒலிபெருக்கி வாசித்துக்கொண்டிருந்தது. அவள் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். முதல் ஆறு வரிசையும் சுத்தம். ஏழாவது வரிசையில் இருந்தன. ஒரு கொத்தாக ஒன்பது செல்கள். உட்கரு வீங்கி, கறுத்து, ஓரம் கோணலாகிப்போயிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கூடத் தவறவிடமாட்டார். முற்றின நோயும் இல்லை. அந்த நிலையில் பிடித்தால் சின்னச் சிகிச்சை, ஒரு வாரம் ஓய்வு, அவ்வளவுதான். பேனா கையில் இருந்தது, மூடியைக் கழற்றியிருந்தேன். இடது கை வலது கையைப் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பாட்டு முடிகிறவரை கேட்டேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, மிச்ச வரிசைகளையும் முறையாகப் பார்த்து முடித்து, படிவத்தில் 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்தில் ஒன்று குலுக்கிப் பார்ப்பார்கள் என்று சொன்னேனே, அதில் அது வந்திருக்கலாம். வரவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை.

அதற்குப் பிறகு பதினாலு மாதம். ஒன்றும் வித்தியாசமாக நடந்துகொள்ளவில்லை. நடுவில் இடுப்பு வலிக்கிறது என்றாள். ரிப்போர்ட்தான் இயல்பு என்று வந்துவிட்டதே என்று அக்கா சமாதானம் சொல்லியிருக்கிறாள். அந்த ரிப்போர்ட்டைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை, அதனால் நானும் கேட்கவில்லை. ஒரு நாள் காபித் தம்ளரோடு வரும்போதே வாசற்படியில் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் நிற்கவில்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். இனி வலியைத்தான் குறைக்க முடியும், ஆறு மாதம் என்றார்கள். அது ஆகி இரண்டு மாதம் ஆகிறது.

அக்காதான் விடாப்பிடியாக லேபுக்குப் போய் நின்று, பழைய ஸ்லைடை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். நல்ல மனிதர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"சார், உங்களுக்கு எப்படி இருக்கும்னு புரியுது. மனுஷன்தானே, ஒரு நாள் கண்ணு அசந்திருக்கும். அப்படியே எழுதிடலாம். யாரும் உங்களைத் தப்பா நினைக்கமாட்டாங்க."

அதாவது, இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் எழுதியதில் கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியிருப்பார்கள். ஆனால் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார். என் வேலையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை யாரும் எழுதியதில்லை. அந்த ஒன்பது செல்லையும் நான் பார்த்தேன் என்றேன். ஏழாவது வரிசை, இடது ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். அவர் மைக்ராஸ்கோப்பில் போய்ச் சரிபார்த்தார். திரும்பி வந்தவர் உட்காரவேயில்லை. உங்களுக்கு போன் போட்டது அவர்தான் என்று நினைக்கிறேன்.

என் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள். நேற்று நான் போனபோது அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவளுடைய விரல்களை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தேன். கணுக் கணுவாக வீங்கி, இரண்டு விரல் மடக்கவே வராமல் இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மூணு வருஷமா இருக்குங்க. ரொம்ப முடியாமப் போனது கடைசியிலதான். நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாம கேளுங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நான் வாசிக்கலீங்க. ரொம்ப நாளா வாசிக்கலை. நல்லா வாசிச்ச ஒரு நாள்ல பதிஞ்சு வெச்சுக்கிட்டேன். வாசிக்கிறத விட்டுட்டா யாராவது ஒரு பொண்ணு செத்துப்போயிடுவாளேன்னு பயம். கை வரல. உங்ககிட்ட சொன்னா உங்க மனசு கலைஞ்சு, அது ஸ்லைடுல போய் விழுமேன்னு பயம். அக்கா கடையில வெந்நீர்ல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

டாக்டரிடம் வேறு பெயரில் போனதும் அதற்காகத்தானாம். "உங்க கைக்கு வந்து, என் ஸ்லைடுன்னு தெரிஞ்சுட்டா உங்களுக்கு அன்னைக்கு வேலை ஓடாதேன்னுதான்," என்றாள்.

அவள் அழ ஆரம்பித்தாள்.

"உங்கள ஏமாத்தினதுக்குத்தான் எனக்கு இப்படி வந்துருச்சு. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

ஏமாற்றியது ஏமாற்றியதுதான்; காரணம் எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் அந்த நிலையில் படுத்திருக்கிறவளிடம் அதையெல்லாம் பேசிக்கொண்டிருக்க முடியுமா. அவளுடைய கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டு, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அவளுடைய முகம் தெளிந்துவிட்டது. நீங்கள் எழுதுவதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டு, நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை.